பழைய கதவு எண்

தையல்காரிக்கு ஊரில் யார் நன்றாயிருந்தாலும் கவலையில்லை. ஓரகத்தி நன்றாயிருந்தால் மட்டும் சோறு இறங்காது.

கணவன்மாரான அண்ணனும் தம்பியும் வீட்டின் நடுவே சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் மூத்தவளான தையல்காரி, அந்தப் பக்கம் இளையவள். கண் மங்கித் தையல் குறைந்தபின், நாள் வாடகைக்கு விடும் மாடியறைதான் மூத்தவளுக்குச் சோறு போட்டது. அதற்காக நகராட்சிக்கு நடையாய் நடந்து உரிமம் வாங்கியிருந்தாள்.

இளையவள் உரிமமும் வாங்கவில்லை, ஒரு மண்ணும் வாங்கவில்லை. தன் அறையைப் படமெடுத்துச் செயலியில் போட்டாள், ஆட்கள் குவிந்தார்கள். பெட்டியை உருட்டிக்கொண்டு அவர்கள் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் இவளுக்கு வயிறு பற்றி எரியும். ‘வீட்டம்மாவுக்குச் சிரித்த முகம்’ என்று ஒரு விருந்தாளி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, “பல்லைக் காட்டிப் பொழைக்கிறா” என்று கத்தரிக்கோலிடம் சொன்னாள்.

உரிமமில்லாத அறைகளைச் செயலிகள் காட்டக் கூடாது என்று புது விதி வந்தது. அன்று மூத்தவள் வயிறாரச் சாப்பிட்டாள். ஆனால் இளையவளின் அறை செயலியை விட்டுப் போகவில்லை. பொறுக்க முடியாமல், பெயர் போடாமல் புகார் ஒன்றைத் தட்டிவிட்டாள்.

வந்த அதிகாரி இரண்டு பக்கமும் பார்த்தார்.

“சுவர் வெச்சீங்க, சரி. கதவு எண்ணைப் பிரிச்சீங்களாம்மா?”

“எதுக்குங்க? தபால்காரருக்கு எங்க ரெண்டு பேரையும் தெரியுமே” என்றாள் மூத்தவள்.

“ஒரு எண்ணுக்கு ஒரு அறைக்குத்தான் அனுமதி. எண் ஒண்ணுங்கறதால உங்க உரிமத்தை வெச்சே அவங்க அறையும் செயலியில ஓடுது. உரிமத்தை நிறுத்தி வைக்கிறோம்.”

அவர் போனதும் செயலியில் இரண்டு அறைகளும் காணாமல் போயின. இளையவள் ஓடிவந்தாள்.

“என்னால உங்க பொழப்பும் போச்சேக்கா. எண்ணைப் பிரிச்சுக்கலாம். உங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்கங்க.”

புது எண்ணை இவள் கேட்டிருக்கலாம். பழசு அவளுக்குப் போவதற்கு மனசு ஒப்பவில்லை.

“பழைய எண் எனக்குத்தான். நான்தானே மூத்தவ.”

புது எண்ணின்மேல் குற்றம் ஏதும் இல்லை. இளையவளுக்கு உரிமம் சீக்கிரமே கிடைத்தது. பழைய எண்ணின்மேல் போட்ட தடையோ, விசாரணை முடியும்வரை நீங்காதாம். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் புரிந்தது.

இளையவள் துணியோடு வந்தாள். “அக்கா, என் அறைக்குத் திரைச்சீலை தெச்சுத் தரீங்களா? உங்க தையல் மாதிரி வராது. கூலி வாங்கிக்கணும்.”

மறுக்கத்தான் வாயெடுத்தாள். ஆனால் மாடியறை காலியாகக் கிடந்தது. துணியை வாங்கி மெஷினில் போட்டாள். ஊசிக்காது கண்ணுக்குத் தெரியவில்லை. நூலைக் கோத்துக் கொடுத்ததும் இளையவள்தான், அதே சிரித்த முகத்தோடு.