அக்காவின் சிவப்பு

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி வந்த வருஷம் எனக்குப் பொறாமை வந்தது. அவளுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. தினமும் காலையில் அப்பா அவளை மட்டும் சைக்கிளில் உட்காரவைத்து, ஊசி போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். திரும்பி வந்ததும் அவளுக்கு மட்டும் அவித்த முட்டை. நான் பழைய சோற்றைப் பிசைந்துகொண்டு அந்த முட்டையையே பார்ப்பேன். கொடுத்தால் வாங்கவும் மாட்டேன், அவ்வளவு வீம்பு.

முட்டையையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது அந்தக் கண்ணாடிக் குழாய்தான்.

கம்பவுண்டர் ஒரு குழாயும் ஒரு பாட்டில் நீல மருந்தும் கொடுத்திருந்தார். "காலையில ஒண்ணுக்குப் போறதுல எட்டு சொட்டு இதுல விட்டுக் காய்ச்சுங்க. கலர் மாறிச்சின்னா சொல்லுங்க," என்றார். அதற்குமேல் சொல்ல அவருக்கு நேரமில்லை. பின்னால் பெரிய வரிசை. அங்கே சுவரில் அம்மைக்கும் காலராவுக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். சர்க்கரைக்கு ஒரு துண்டுத் தாள்கூடக் கிடையாது.

அப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். நிறத்தைப் பற்றி அவருக்கு இன்னொருவர் சொல்ல வேண்டுமா என்ன? முதல் நாள் காய்ச்சியபோது நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் சிவப்பில் வந்து நின்றது. கொதிக்கும்போது மாறுவதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இறக்கிய பிறகு நிற்பதுதான் நிறம். "அரக்கும் இல்ல, காவியும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல இருக்குது பாரு," என்று அம்மாவிடம் வியந்தார். அன்றைக்கே ஓர் இழைப் பட்டு நூலுக்கு அதே நிறத்தில் சாயம் ஏற்றி மாதிரி வைத்துக்கொண்டார். தினமும் குழாய்க்குப் பக்கத்தில் அந்த நூலைப் பிடித்துப் பார்த்து, "துளிகூட மாறலம்மா," என்று அக்காவின் தலையைத் தடவுவார். சாயம் மாறாமல் நிற்பதைவிட நல்ல சேதி எங்கள் வீட்டில் கிடையாது.

ஊசி போடும்போது கம்பவுண்டரும் தவறாமல் கேட்பார்.

"கலர் மாறிச்சா?"

"இல்லீங்க."

"அப்ப சரி."

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் வீட்டில் ஆள் இல்லாதபோது என்னுடையதை விட்டுக் காய்ச்சினேன். நீலம் நீலமாகவே கிடந்தது. பதினாறு சொட்டு விட்டேன். அப்போதும் நீலம். நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததை, திரும்பி வந்த அக்கா பார்த்துவிட்டாள்.

"எனுக்கு மட்டும் ஏன் செவப்பு வர மாட்டேங்குது?"

"நீ சின்ன பொண்ணு இல்ல? பெருசானா உனுக்கும் வரும், அழுவாத," என்றாள். சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். கையைத் தூக்கியபோது அவள் வளையல்கள் முழங்கைவரை சரிந்தன. வளர்கிற பெண், அதனால்தான் இளைக்கிறாள் என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு பகல், அவள் வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். வாயில் கனிந்த பழத்தின் வாசனை. டாக்ஸி வைத்துப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காரில் போகிறாளே என்று அதற்கும் பொறாமைப்பட்டவள் நான்.

அங்கே நடந்ததை அம்மா பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள். வீட்டில் சோதித்தபோது என்ன நிறம் என்று டாக்டர் கேட்டாராம். அப்பா சட்டைப் பையிலிருந்து அந்த நூலை எடுத்து நீட்டினார். "மொத நாள்லேர்ந்து இதே கலருங்க. மாறவே இல்ல."

டாக்டர் நூலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "நீலம் நீலமாவே இருக்கணும்யா. செவந்தா சர்க்கரை ஏறிப்போச்சுன்னு அர்த்தம். உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

அக்கா திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் பாட்டிலில் கொஞ்சம் மருந்து மிச்சம் இருந்தது. இனி குழாய் எனக்குத்தானே? காய்ச்சினேன். அதே பாழாய்ப்போன நீலம். இருந்தாலும் அப்பாவிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"எனுக்கும் ஒரு நூலு சாயம் போட்டுக் குடுப்பா."

அவர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதார். நான் கொண்டுவந்த நிறம் மட்டம் என்பதால்தான் அழுகிறார் என்று நினைத்தேன். போன பிறகும் அக்காதான் ஜெயித்தாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.