குழாயடியில் சொன்ன பெயர்

போன மாதம் எங்கள் சந்தில் ஒரு வீடு காலியானது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இதெல்லாம் ஒரு செய்தியா? ரயில்வேக்காரர்கள் குடியிருக்கும் இடம். மாற்றல் உத்தரவு வரும், லோரி வரும், பெட்டி படுக்கை ஏறும். ஆனால் அந்த வீட்டில் இருந்த பெண்ணைப் பற்றி இத்தனை நாளும் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதலாம்... அவர்கள் ஏறிய கப்பல் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்துவிட்டது.

செல்லம்மா என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பெண் குழந்தைகளோடு வந்தார். கணவருக்கு ஈப்போவில் வேலை என்றார். முதல் நாள் குழாயடியில், ரயில் எஞ்சினுக்குக் கரி போடும் பயர்மேன் வீட்டுக் கோவிந்தம்மா வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"ஊட்டுக்காரரு பேரு என்னம்மா?"

"முத்துசாமி."

குழாயடியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் பெயரை வாயால் சொல்லாத நம் பெண்கள் இதற்கு எப்படிப் பதில் சொல்வார்கள்? சுவரில் மாட்டிய சாமி படத்தைக் காட்டுவார்கள். பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார்கள். இந்தப் பெண்ணோ குடத்தை நிமிர்த்தியபடி பட்டென்று சொல்லிவிட்டார்!

வாசலில் சவரம் செய்துகொண்டிருந்த எனக்கு ஒரே மகிழ்ச்சி. பெண்கள் முன்னேற்றம் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு பத்தி தயார் என்று உள்ளே போய்ச் சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அதை எழுதாதீங்க. அது அவ புருஷன் பேரு இல்ல."

நான் மீதிச் சவரத்தை முடிக்க வாசலுக்குத் திரும்பினேன்.

உண்மை பிறகுதான் தெரிந்தது. கிள்ளான் துறைமுகத்தில் அபின் கடத்தும் கும்பலுக்கு அந்தக் கணவர்தான் தலைவர். பிடிபட்டதும் சர்க்கார் சாட்சியாக மாறிவிட்டார். அவர் காவலில் இருந்தார். கும்பலில் பாதிப் பேர் வெளியே இருந்தார்கள். அவர் வாயை அடைக்க அவர்களுக்குத் தேவை இந்தக் குழந்தைகள்.

ஒரு காலையில் வந்தான் ஒருவன். வெள்ளைக் கோட்டு, பளபளக்கும் பூட்ஸ், மரியாதையான பேச்சு. தங்கை வீட்டைத் தேடுகிறானாம். கிள்ளானிலிருந்து வந்தவள், இரண்டு பெண் பிள்ளைகள். செல்லம்மாவின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை.

கோவிந்தம்மா இடுப்பில் குடத்தோடு நின்று நிதானமாகச் சொன்னார்.

"ரெண்டு பொட்டப் புள்ளைங்களா? இங்க ஒருத்தி இருக்கா. ஆனா அவ ஈப்போ முத்துசாமி பொண்டாட்டி. கல்யாணத்துக்கே நான் போயிருக்கேன் தம்பி."

"அந்தக் கல்யாணத்துல பாயசம் தீஞ்சு போச்சே," என்றார் அடுத்த வீட்டு அக்கா.

மூன்றாமவர் ஒரு படி மேலே போய், முத்துசாமிக்குச் சின்ன வயதிலேயே வழுக்கை என்று வருத்தப்பட்டார். கண் முன்னால் ஒரு மனிதர் முளைத்துக்கொண்டிருந்தார்! இவர்கள் எப்போது கூடிப் பேசினார்கள்? பேசவே இல்லை. அன்று குழாயடியில் அந்தப் பெயரைக் கேட்ட அத்தனை பேருக்கும் விஷயம் விளங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டு நகையைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிற சந்து, இதைப் பற்றி மட்டும் தங்களுக்குள்கூடப் பேசவில்லை.

அவன் என்னைப் பார்த்தான்.

"சார் பேப்பர்ல எழுதறவர்தானே? நீங்க சொல்லுங்க."

இரண்டு பேரிடம் விசாரிக்காமல் எதையும் அச்சுக்குக் கொடுக்காதவன் நான். என் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"முத்துசாமியா? பிரமாதமாகப் பாடுவார்," என்றேன்.

அவன் போய்விட்டான். மறுபடி வரவில்லை.

வழக்கு முடிந்தது. கும்பலில் மிச்சமிருந்தவர்களையும் நாடு கடத்திவிட்டார்கள். கணவர் பினாங்கில் கப்பல் ஏறக் காத்திருந்தார். செல்லம்மாவுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுக்க நாங்கள் கப்பல் ஏஜெண்டு ஆபீசுக்குத் துணைக்குப் போனோம்.

"புருஷன் பேரு?" என்றார் கிளார்க்.

செல்லம்மா தலையைக் குனிந்துகொண்டார். கிளார்க் இன்னொரு முறை கேட்டார். பின்னால் வரிசை நீண்டது. செல்லம்மாவின் முகம் சிவந்ததே தவிர, வாய் திறக்கவில்லை. கடைசியில் மூத்த பெண் மேஜையை எட்டிப் பிடித்து, கிளார்க்கின் காதில் சொன்னாள்.

எனக்கும் கேட்டது. அதை இங்கே எழுத மாட்டேன்.

திரும்பி வரும்போது ஒன்று நினைத்துப் பார்த்தேன். என் மனைவி இதுவரை ஒரு நாளும் என் பெயரைச் சொன்னதில்லை.

சொல்லாமலே இருக்கட்டும்.