ஆசிரியர் பெயர் தெரியவில்லை

மாநாட்டின் இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பழைய கையெழுத்துக் கொப்பிகளைக் கணினியில் ஏற்றி ஆராய்வது பற்றிய சர்வதேச மாநாடு அது. எங்கள் பல்கலைக்கழகத்துக்கு முதல் அனுபவம், நான் ஒருங்கிணைப்பாளர். கொழும்பிலிருந்து வந்த வேன் பிந்தியது, இணையம் இடையில் அறுந்தது, பெயரட்டைகளில் எழுத்துப்பிழை. எல்லாவற்றுக்கும் என்னையே தேடினார்கள்.

சாப்பாட்டுக்குப் பிந்திய அமர்வுக்கு நானே தலைமை. ஐரோப்பியப் பேராசிரியர் ஒருவர், நாங்கள் ஸ்கேன் பண்ணி இணையத்தில் போட்டிருந்த வைத்தியக் கொப்பியொன்றைத் திரையில் காட்டிப் பேசினார். அறபு எழுத்தில் எழுதிய தமிழ். விஷக்கடிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து. கீழே, ‘ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ என்றிருந்தது.

பேச்சு முடிந்ததும் பின்வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் எழும்பினார். சம்மாந்துறையில் பள்ளிக்கூட ஆசிரியை.

“மிஸ், இது எங்கட வாப்பாட எழுத்து.”

பேராசிரியர் மொழிபெயர்ப்புக்காக என்னைப் பார்த்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏற்கெனவே பிந்தியிருந்தோம்.

“தேத்தண்ணி நேரத்துல கதைப்பம் தாத்தா,” என்றேன், எங்கள் வழக்கில் அக்காவைக் கூப்பிடுவதுபோல. அவர் திரும்பவும் கதிரையில் அமர்ந்தார்.

தேத்தண்ணி நேரத்தில் வேறொரு அவசரம் வந்தது. அவரை அடியோடு மறந்துபோனேன். பின்னேரம் மண்டபத்தைப் பூட்ட வந்தபோது, வாசல் கதிரையில் அவர் தனியாக இருந்தார்.

“மன்னிச்சிக்கங்க தாத்தா, மறந்திட்டன்.”

“பரவால்ல மிஸ். நீங்க அலையிறதப் பாத்துக்கிட்டுத்தான் இரிந்தன்.”

கைப்பையிலிருந்து ஒரு பழைய குர்ஆனை எடுத்துத் திறந்தார். முதல் தாளில் தகப்பன் எழுதிய அவருடைய பெயர், பிறந்த நாள். திரையில் பார்த்த கொப்பியில் போலவே, வரிமுடிவை வால்போல இழுத்துவிடும் அதே கை.

“வாப்பா பரிசாரி, நாட்டு வைத்தியம் பாத்தவர். ஆரோ பாத்துட்டுத் தாறன்னு கொண்டுபோன கொப்பி. மௌத்தாகும்வரைக்கும் அதக் கேட்டுக்கிட்டே இரிந்தார்.”

“திருப்பி வேணுமா?” பயத்தோடுதான் கேட்டேன்.

“வேணா. இஞ்ச இரிந்தா நாலு பேர் படிப்பாங்க. பேரப் போட்டாக் காணும். ஊருக்குள்ள விசாரிச்சிருந்தா ஆரும் செல்லியிருப்பாங்களே மிஸ்.”

முகம் சுட்டது. ஒரு கிராம நூலகம் தந்த பழைய தாள்கட்டுக்குள் கிடைத்த கொப்பி அது. மாநாட்டுத் திகதி நெருங்குகிறதென்று யாரிடமும் கேட்காமல் ‘பெயர் தெரியவில்லை’ என்று தட்டச்சடித்தது நான்தான்.

இன்னும் வளாகத்தில் நின்ற பேராசிரியரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் குறிப்புப் புத்தகத்தை நீட்டினார். ஆசிரியை தன் தகப்பனின் பெயரை அறபெழுத்தில் எழுதிக் கொடுத்தார். பிறகு பேராசிரியர் தனக்குப் பிடிபடாத சொல்லொன்றைத் தன் மடிக்கணினித் திரையில் காட்டினார்.

“இதா? ஆடாதோடை. இருமலுக்கு,” என்றார் ஆசிரியை சட்டென்று. பேராசிரியர் அதை ஓர் ஊரின் பெயரென்று கட்டுரை முழுவதும் எழுதியிருந்தார். மூவரும் சிரித்தோம். எனக்குச் சிரிக்கக்கூடக் குரல் இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பெயரைப் போட்டு, இணைப்பை ஆசிரியைக்கு அனுப்பினேன். விருந்தினரின் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது குரல்பதிவு வந்தது.

“பாத்தன் மிஸ். கட்டார்ல இரிக்கிற தம்பிக்கும் அனுப்பினன். அழுதிட்டான். நீங்க ஊட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்க.”

வேன் போனதும் மண்டபப் படியிலேயே இருந்துவிட்டேன். எழும்ப வெகுநேரமானது.