ஷரிபுதீன் வாங்கிய நாலு டயோட்டு

மருதமுனையில் ஷரிபுதீன் தனியாக இருந்தார். முப்பது வருடம் மின்கம்பம் ஏறிய லைன்மேன். மனைவி றஹீமா, மகள் ஸம்றாவின் பிள்ளைப்பேற்றுக்கென்று கட்டாருக்குப் போனவள். ஆறு மாதம் என்றது நாலு வருடமாகிவிட்டது. அவரையும் கூப்பிட்டார்கள். "அங்க வந்து நான் என்ன செய்யிற?" என்று நின்றுவிட்டார்.

அந்த வருடங்களில் அவர் பாட்டுக் கேட்கப் பழையகால வால்வு அம்ப்ளிபயர் ஒன்றைக் கட்டினார். அதில் மின்சாரத்தை ஒருதிசையாக்கும் ரெக்டிபயர் வால்வு எரிந்தபோது, அதற்குப் பதிலாக, பஜாரில் கிடைத்த சாதாரண டயோட்டு இரண்டைப் போட்டார். பாட்டு நன்றாகத்தான் கேட்டது. லீவில் வந்த ஸம்றா மட்டும், "வாப்பா, இதுக்குள்ள என்னமோ மெல்லிசா இரையுது" என்றாள்.

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. வயது காதின் மேல்சுருதிகளை எடுத்துவிட்டிருந்தது. ஆனால் காரணம் புரிந்தது. வால்வு மின்னோட்டத்தை மெதுவாக அணைக்கும். சாதாரண டயோட்டு வெடுக்கென்று நிறுத்தும். அந்த வெட்டுத்தான் ட்ரான்ஸ்போமரை அதிரவைத்து ஸ்பீக்கர்வரை வருகிறது. வேகமாகவும் மென்மையாகவும் அணையும் வகை வேண்டும். அணைந்து நிற்கும் டயோட்டின்மேல் மறுதிசையில் எண்ணூற்றைம்பது வோல்ட் ஏறும். ஆயிரம் தாங்கும் டயோட்டுகூட, லைன் வோல்ட் எகிறும் ஊரில் மட்டுமட்டு. ஆகவே ஒன்றின் இடத்தில் இரண்டைத் தொடராகப் போட, நாலை கொழும்பிலிருந்து தபாலில் எடுப்பித்தார்.

அவை வரும்போது ஸம்றா திரும்பிப் போயிருந்தாள். மாட்டியதும் போனை ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடித்து றஹீமாவைக் கேட்டார்.

"ஒண்டும் கேக்கல்ல."

பழையதை மாட்டி மறுபடி எடுத்தார். அப்போதும், "ஒண்டும் கேக்கல்லயே. சாப்பிட்டீங்களா?" என்றாள். மெல்லிய இரைச்சலைப் போனே வடித்துவிடுகிறது என்று அவருக்கு விளங்கியது. அறைக்குள் ஒரு ஆள் வேண்டும்.

பக்கத்து வீட்டு முத்தலிப், கணக்கு வாத்தியார். தென்னை விழுந்து நடுமதில் உடைந்த சண்டையிலிருந்து இரண்டு வருடமாக இருவருக்கும் ஸலாத்தோடு சரி. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தவரை ஷரிபுதீன் கேற்றடியில் மறித்தார்.

"தம்பி, ஒரு அஞ்சு நிமிசம் உங்கட காது வேணும்."

முத்தலிப் ஒரு கணம் யோசித்துவிட்டு உள்ளே வந்தார். ஸ்பீக்கரடியில் குனிந்தார். "ஓம் காக்கா, இரையுது. வண்டு மாதிரி." மூத்தவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஷரிபுதீன் சுவிட்சை அணைத்தார். கப்பாசிட்டரில் நிற்கும் நானூறு வோல்ட் இறங்கவேண்டும். பிறகு டயோட்டுகளை மாற்றி ஈயத்தால் பற்றவைக்கவேண்டும். அந்த நேரம் முழுவதும் முத்தலிப் நாற்காலியில் இருந்தார். றஹீமாவின் தையல் மெசினில் படிந்த தூசியைப் பார்த்தார்.

"இவ்வளவு பாடுபட்டு ஆருக்கு காக்கா?"

"பிழை இருக்கெண்டு தெரிஞ்சா விட ஏலாது தம்பி." சோல்டரிங் அயனை வைத்துவிட்டுச் சொன்னார்: "வேற வேலையுமில்ல."

புதிய டயோட்டுகளோடு அம்ப்ளிபயர் சூடேறியது. முத்தலிப் வெகுநேரம் காது கொடுத்தார்.

"இப்ப இல்ல. சுத்தமா இல்ல."

ஷரிபுதீனும் குனிந்து கேட்டார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் வாத்தியார் சொன்னதை நம்பினார். தலையை ஆட்டிச் சிரித்தார். தேத்தண்ணி போடுவதற்குள் பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. முத்தலிப் எழுந்து போனார்.

அந்த வருடம் கட்டாரிலிருந்து ஒருவரும் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து முத்தலிப் அவரோடு சேர்ந்து நடப்பார், கேற்றுவரைக்கும். பிறகு ஷரிபுதீன் கதவைத் திறந்து தனியே உள்ளே போவார்.