வளவனூரிலிருந்து மரக்காணத்துக்கு ஒரு படகு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போன கதை

விழுப்புரம் மாவட்டத்தில் பாய்மரப் படகா என்று சிரிப்பவர்கள் முதலில் சிரித்து முடித்துவிடுங்கள். எங்களுக்குப் பழகிவிட்டது. வீடு வளவனூரில். படகு மரக்காணத்தில், உப்பங்கழிக் கரையில் தெரிந்த மீனவர் ஒருவரின் வீட்டோரம் கட்டிக் கிடக்கிறது. பன்னிரண்டு அடி நீளம், ஒரே ஒரு பாய். காற்று விழுந்துவிட்டால் கரை சேர, பின்னால் மாட்டிக்கொள்ளும் சின்ன பேட்டரி மோட்டார் ஒன்று. புதுச்சேரியைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடம் பழசாக வாங்கியது.

அந்த மோட்டார் பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறன்று எங்கள் காலை வாரிவிட்டது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் காற்று நின்றது. சுவிட்சைப் போட்டால் ஒரு முனகல், அவ்வளவுதான். தண்ணீர் வற்றுகிற நேரம் வேறு, படகு பாட்டுக்குக் கடல் பக்கம் நகர்கிறது. என் கணவர் குமாருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் உள்ளே உதறல்தான். அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க நான் சிரித்துத் தொலைத்தேன். ஒரு ஃபைபர் படகுக்காரர் கயிறு வீசி எங்களை இழுத்து வந்தார். கரையில் இறங்கியதும் குமார் சொன்னார்: "இனிமே இதுல கால் வெக்க மாட்டேன் கவிதா. நீ வேணா போய்க்கினு வந்துக்கினு இரு."

அவர் இல்லாமல் எனக்கு அந்தப் படகு எதற்கு? மோட்டார் சரியானால் அவர் ஒரே ஒரு முறை வந்து பார்ப்பது, இல்லையென்றால் படகை விற்றுவிடுவது என்று பேசி முடித்தோம். போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பிய இந்தப் பயணத்துக்கு அதுதான் காரணம். இதே வேலைக்காக அலையப் போகிறவர்கள் யாராவது இருந்தால் உதவட்டுமே என்று எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முந்தைய வாரமே வீட்டில் மோட்டாரைப் பிரித்துவிட்டேன். ப்ரொப்பல்லரைக் கழற்றினால் பின்னால் நைலான் நரம்பு, யாரோ அறுத்துப் போட்ட வலையிலிருந்து வந்தது, தண்டைச் சுற்றி இறுகிக் கிடந்தது. தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையத்தை அது அறுத்திருக்கிறது. சீல் போனதும் உப்புத் தண்ணீர் உள்ளே. மூடியைத் திறந்தபோது ஒரு டம்ளர் செம்மண் நிறத் தண்ணீர் கொட்டியது. உள்ளே மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டைகள் இரண்டும், ஸ்பிரிங் துரு ஏறியதில், இருந்த இடத்திலேயே சிக்கி நின்றுவிட்டன. நல்ல வேளையாகக் கம்பிச்சுற்று, அதாவது காயில், கருகவில்லை.

காலை 8.10 டவுன் பஸ். மோட்டாரைச் சாக்கில் சுற்றி இடுக்கில் நிறுத்தினோம். பன்னிரண்டு கிலோ இருக்கும், தண்டு வேறு நீட்டிக்கொண்டு நின்றது.

"இன்னாமா இது, மருந்தடிக்கிற மிஷினா?" என்றார் கண்டக்டர்.

"படகு மோட்டாருங்க."

"படகா? நம்ம ஊர்ல ஏரியே காஞ்சுபோய்க் கெடக்குது, படகு எங்க ஓட்டப் போறீங்க? லக்கேஜ் போட்டுர்றேன்."

குமாருக்கு டிக்கெட், மோட்டாருக்கு டிக்கெட். பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கு மட்டும் ஓசி. குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எனக்கென்ன என்கிற மாதிரி ஒரு உட்கார்தல். எரிச்சலாக வந்தது.

விழுப்புரத்தில் பேரிங் கடையில் பழைய சீல் வளையத்தை அளந்து பார்த்து அதே அளவில் எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்று அறுபது ரூபாய். உபரியாக இன்னொன்றும் வாங்கினேன். பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, இருபது ரூபாய்க்கு. கொறித்துக்கொண்டே திண்டிவனம் பஸ் ஏறினோம். நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம்.

திண்டிவனத்தில் நான் விசாரித்து வைத்திருந்தது ஒரு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. உள்ளே வரிசையாக போர்வெல் மோட்டார்கள். நடத்துகிறவர் சேகர்.

"நமக்கு வர்றதெல்லாம் கழனி மோட்டாருதாங்க. சரி, குடுங்க, பாத்துரலாம்," என்றார்.

மனிதர் சுறுசுறுப்பு. சுழலும் பகுதியை லேத்தில் மாட்டி, கார்பன் உரசும் செம்பு வளையத்தை மெல்லிசாகச் சீவிப் பளபளவென்று ஆக்கினார். இந்த அளவில் கார்பன் கடையில் கிடைக்காது. பெரிய மோட்டாரின் கார்பனை அறுத்துக் கொடுத்தார், நான் உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தேன். புது சீல் வளையத்தையும் நானே போட்டேன். பின்மூடி மட்டும்தான் பாக்கி. தண்ணீருக்குக் கரையாத கிரீஸ் வாங்க எதிர்ச்சாரிக்குப் போனேன்.

திரும்பி வரும்போது தெருவிலேயே குமாரின் சத்தம் கேட்டது. அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. பதறி ஓடினேன். சேகர் மோட்டாரை முழங்காலுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு கையில் ஒரு சொம்பு தண்ணீருடன் உட்கார்ந்திருக்கிறார். குமார் மோட்டாரின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

"ஊத்தாதீங்கண்ணே! இது உள்ள காஞ்சு இருக்கணும்ணே!"

"இன்னாங்க பேஜாரு பண்றீங்க? தண்ணிக்குள்ள எறங்குற மோட்டாருக்குத் தண்ணி ரொப்பாம எப்பிடி எறக்குறது?"

விஷயம் இதுதான். நம் பக்கத்து போர்வெல் மோட்டார்களுக்குள் நல்ல தண்ணீர் நிரப்பித்தான் குழாயில் இறக்குவார்கள். சூடு ஏறாமல் இருக்க அது வேண்டும். படகு மோட்டார் அதற்கு நேரெதிர், ஒரு சொட்டுகூட ஆகாது. நான் அதைச் சொல்லாமல் போய்விட்டேன். விளக்கியதும் சேகர் சொம்பைக் கீழே வைத்தார்.

"அட ஆமா! தெனம் செய்ற வேல, கை பாட்டுக்குப் போயிடுச்சு. சார் மட்டும் இல்லன்னா ஜல்தியா ரொப்பிட்டுக் குடுத்திருப்பேன்," என்று அவரே சிரித்தார்.

நான் குமாரைப் பார்த்தேன். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"ஒரு மாசமா ஃபோன்ல அதத்தான் பாத்துக்கினு இருக்கேன்," என்றார், கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டே. "படகு போயிட்டா உன் மூஞ்ச யாரு பாக்கறது?"

பட்டறை என்றும் பார்க்காமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில் பஸ்ஸில் அவரை மனதுக்குள் திட்டியதற்கெல்லாம் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

மூடியைப் போட்டு, தண்ணீர் டிரம்மில் அரை மணி நேரம் ஓடவிட்டு, மறுபடி திறந்து பார்த்தோம். உள்ளே சுக்காகக் காய்ந்திருந்தது. கூலி அறுநூறு. அன்றிரவு திண்டிவனத்தில் லாட்ஜ், எண்ணூறு. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மரக்காணம், முப்பத்தைந்து கிலோமீட்டர்.

போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். தண்ணீர் ஏறுகிற நேரத்தை மீனவர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். கழியை ஒட்டி இருக்கும் பறவைகள் சரணாலயப் பக்கம் போகாதீர்கள். ஒவ்வொரு முறை வந்ததும் ப்ரொப்பல்லரைக் கழற்றி நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள், ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடச் சோம்பேறித்தனம்தான் எங்களை இத்தனை தூரம் அலையவிட்டது. கரையோரக் கிணற்றுத் தண்ணீரும் உப்புதான், மோட்டாரைக் கழுவ வீட்டிலிருந்து கேனில் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். துடுப்பு இரண்டு வேண்டும். பட்டறையில் கொடுத்தால் கூடவே இருங்கள், நான் செய்த மாதிரி நடுவில் எழுந்து போகாதீர்கள்.

கரையில் மோட்டாரை மாட்டி, மீனவர் வீட்டில் சார்ஜ் போட்டு வைத்திருந்த பேட்டரியை இணைத்ததும், "நீங்க இங்கயே இருங்க, நான் மட்டும் ஒரு சுத்து போயிட்டு வந்துர்றேன்," என்றேன். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அவர் ஏற்கனவே உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"நடுவுல நின்னு போச்சுன்னா நான் கரையில நின்னுக்கினு இன்னா பண்றது? எடு."

சுவிட்சைப் போடாமல் ஒயரை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். அன்றைக்கு நானும் பயந்துதான் சிரித்தேன் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். "தெரியும், நவுரு," என்று கைப்பிடியை அவர் வாங்கிக்கொண்டார். மோட்டார் சன்னமாக ரீங்கரித்தது. படகு கரையை விட்டு நகர்ந்தது. அன்று நாங்கள் மாட்டிக்கொண்ட இடத்தைத் தாண்டினோம், திரும்பினோம், மறுபடி தாண்டினோம். எதுவும் நிற்கவில்லை.

கிழக்கிலிருந்து தண்ணீர்மேல் சிற்றலை ஓடி வந்தது. குமார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கையாலேயே மோட்டாரை அணைத்தார்.

"காத்து வருது பாரு," என்றார். "பாய ஏத்து."