இறக்கிவிட்ட வேட்டி

என் மாமாவுக்கு மைலோமா என்னும் ரத்தப் புற்றுநோய். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி ஓ.பி.யில் அவரோடு காத்திருந்த நாட்களில்தான் அந்த ஆரியசாலைக் கடைத்தெரு மிளகாய் வியாபாரியைப் பார்த்தேன். முரட்டு மீசை, நெடி போகாத சட்டை. அவருக்கும் அதே நோய், அதே தாலிடோமைடு மாத்திரை. வெளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நர்ஸ் முதல் மந்திரி வரை எல்லோரையும் கிழிப்பார். டாக்டர் கூப்பிட்டதும் வேட்டி கணுக்கால்வரை இறங்கிவிடும். குரலும் கூடவே இறங்கும்.

ஒருநாள் அவருடைய இடது கால் மட்டும் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. அந்த மாத்திரையால் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம் என்று எங்களை எச்சரித்திருந்தார்கள்.

“அண்ணாச்சி, காலை டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றேன்.

“என்ன தம்பி சொல்லுதிய? அவ்வளவு படிச்ச மனுசன் முன்னால வேட்டியத் தூக்கிக்கிட்டு நிக்கவா? மரியாதைன்னு ஒண்ணு உண்டும்லா!”

உள்ளே போனார். ரிப்போர்ட்டிலிருந்து தலை நிமிராமலே டாக்டர், “வேறெ குழப்பம் ஒண்ணும் இல்லல்லோ?” என்று மலையாளத்தில் வேறு தொந்தரவு உண்டா என விசாரித்தது வெளியே கேட்டது.

“ஒண்ணுமில்ல சாரே.”

எங்கள் முறை வந்தபோது அந்தக் காலைப் பற்றி நானே சொன்னேன்.

“அடுத்த விசிட்டில் நோக்காம்” என்று பார்ப்பதைத் தள்ளிவைத்தார் டாக்டர்.

அடுத்த விசிட்டுக்கு அண்ணாச்சி ஸ்ட்ரெச்சரில் வந்தார். உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டதாம். டாக்டர் ஜூனியர்கள் புடைசூழ, வேட்டியைத் தொடைவரை விலக்கி, அந்தக் காலை முதல்முறையாகப் பார்த்தார். மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த அண்ணாச்சியின் கை, அப்போதும் வேட்டியைக் கீழே கீழே இழுத்துக்கொண்டிருந்தது.