சிஸ்டர் கேட்டு வாங்கிய கமரா

வங்கியிலோ அரச கச்சேரியிலோ யாராவது எனக்கு முன்னால் ஒரு கமராவை நிமிர்த்தும்போது எழும் அந்தச் சின்ன 'டிக்' சத்தம், என் பிடரியில் இன்னமும் ஈரக் கையை வைக்கிறது. உடனே எங்கள் கர்ப்பிணிக் கிளினிக்கில் பெண்கள் உட்காரும் வாங்கு வரிசை கண்ணுக்குள் வருகிறது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து, சத்தமில்லாமல் வெளியே நடந்த பெண்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை.

அந்தக் கமராவைக் கேட்டு வாங்கியவர் எங்கள் வார்ட் சிஸ்டர். ஏ9 வீதியோரத்து ஆஸ்பத்திரியில் அவருக்குக் கீழே வேலை செய்த தாதி நான். நோயாளர் விபரங்களைக் கணினிக்கு மாற்றத் தொடங்கியபோது, திரையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று சொல்ல, மென்பொருள் எழுதும் தம்பியோடு கிழமைக்குக் கிழமை இருந்தவர் சிஸ்டர்தான். "தம்பி, ஊசி போடுற கையால நாலு பெட்டி அமத்தேலாது. ஒண்டாக்குங்கோ" என்பார். அவன் சிரித்தபடி மாற்றுவான். தாதிமார் சொல்லச் சொல்லக் கட்டிய வீடு அது. எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள், ஒரே பெயரும் ஒரே தகப்பன் பெயரும் கொண்ட இரண்டு பெண்கள் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். ஒருத்திக்குரிய ஊசி மற்றவளின் தோல்வரை போய்த் திரும்பியது. சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வைதான் கமராவைக் கேட்டது. முகம் தெரிந்தால் பிழை வராது என்று அவர் நம்பினார்.

இந்த மண்ணில் ஒரு முகத்தைப் படமெடுத்துப் பெயரோடு பதிந்துகொள்வது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாததா? யுத்தம் முடிந்தபோது முகாமில் வரிசையில் நின்றவர்தானே. அங்கே பதிந்துகொண்டு கூட்டிப்போகப்பட்டவர்களில் எத்தனை பேர் இன்று வெறும் படமாக, காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டு வீதியோரக் கொட்டகைகளில் குந்தியிருக்கும் தாய்மாரின் மடியில் இருக்கிறார்கள். அதில் ஒரு படம் சிஸ்டரின் கூடப்பிறந்த தம்பியுடையது. இருந்தும் மறந்துபோனார். வெள்ளைச் சீருடைக்குள் நின்றால் பயம் எட்டிப் பார்க்காது என்று நினைத்தாரோ என்னவோ.

கமரா வந்த முதல்நாளே ஒரு நெடுங்கேணிப் பெண், வீங்கிய காலோடும் தலையிடியோடும் வந்து உட்கார்ந்தாள். பிரசர் பார்க்க முன்னமே படம். திரை அப்படித்தான் கேட்டது. 'டிக்.' அவள் எழும்பினாள். "தண்ணி குடிச்சிட்டு வாறன் மிஸ்ஸி" என்றாள். வரவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் எழும்பினார்கள். சிஸ்டர் வெறும் வாங்கைப் பார்த்தபடி, "அந்தக் காலைக் கண்டனியே? வலிப்பு வந்தால் ரெண்டு உயிர்" என்றார்.

பின்னேரமே அம்புலன்ஸில் அவள் வீட்டுக்குப் போனோம். காட்டோரப் பாதையில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. வேலிப் படலையைத் திறக்காமல் பெண்ணின் தாய் மறித்து நின்றாள்.

"இந்தா, படம் பிடிக்கிற மிஸ்ஸி வந்திருக்கிறா. கலியாண வீடெண்டு நினைச்சாவோ?"

"பிரசர் பாக்கத்தான் வந்தனான் அம்மா."

"உங்கட பெட்டிக்குள்ள போன என்ர பிள்ளையின்ர முகம் ஆரிட்டப் போகும்? அதைச் சொல்லுங்கோ, படலையைத் திறக்கிறன்."

சிஸ்டர் நின்ற இடத்திலேயே மென்பொருள் தம்பிக்குப் போன் எடுத்து, அவன் குரல் எல்லாருக்கும் கேட்கும்படி பிடித்தார்.

"தம்பி, அந்தப் படமெடுக்கிறதை நிப்பாட்டுங்கோ."

"நீங்கள்தானே சிஸ்டர் கேட்டனீங்கள்?"

"ஓம், நான்தான் கேட்டனான். நான்தான் வேண்டாமெண்டும் சொல்லுறன். எடுத்ததையும் அழியுங்கோ."

"இஞ்ச அழிக்கலாம். கொழும்புக்கு ஒரு கொப்பி போயிருக்கும். அது என்ர கையில இல்லை சிஸ்டர். கேட்டுப் பாக்கிறன்."

"பொய் சொல்லத் தெரியாத பெடியன்" என்றாள் தாய். படலை திறந்தது. பெண் பாயில் கண்ணை மூடிக் கிடந்தாள். பிரசரைப் பார்த்த கையோடு சிஸ்டர் அவளை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அம்புலன்ஸ் சாரதியைக் கூப்பிட்டார்.

அந்தப் பெண்ணும் அவள் பெற்ற பிள்ளையும் பிழைத்தார்கள். கமராவைக் கழற்றினோம், பெயர்கள் குழம்பாதிருக்கக் கையில் கட்டும் இலக்கப் பட்டியைச் சிஸ்டர் கேட்டு வாங்கினார். ஆனால் அந்தப் பெண் எங்கள் கிளினிக்குக்குத் திரும்பி வரவேயில்லை. கொழும்புக் கொப்பியைப் பற்றிச் சிஸ்டர் ஓயாமல் விசாரித்தார். மென்பொருள் தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டான். அடுத்து வந்தவர்கள் "பாப்பம்" என்றார்கள். பென்சன் எடுத்துக்கொண்டு வேலையை விட்ட நாள்வரை, கிளினிக் வாசலில் நிழல் விழும்போதெல்லாம் அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். இன்று அந்தக் கதிரையில் நான். புதிய திரை வருகிறதாம், கைரேகையும் கேட்குமாம், எல்லாருக்கும் வசதியாம். யார் திறந்து பார்ப்பார்கள் என்று நான் கேட்டால், கூட்டத்தில் அடுத்த விடயத்துக்குப் போகிறார்கள்.

அன்றிரவு வவுனியாவில், பிரசவ அறைக் கதவுவரை சிஸ்டர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அதற்கப்பால் எங்களை விடமாட்டார்கள். அந்தப் பெண் சிஸ்டரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"என்ர படம் இன்னும் கிடக்குதோ மிஸ்ஸி?"

"கிடக்குது பிள்ளை. அழிப்பிக்கிறன்."

கையை விட்டாள். கதவு சாத்தப்படும்போது உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"நான் உயிரோட இருந்தால் வந்து கேப்பன்."